காதை உள்ள மடிச்சுக்கோ

லிஃப்ட் வராதும்மா. எத்தனை தடவை அமுக்கினாலும் வராது. மேல ரெண்டு பேரு கதவைக் கழட்டி வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எவ்வளவு நேரமாகும்னு கேட்டேன், இதோ ஆச்சு அங்கிள்னு சொல்லிட்டு இன்னொரு ஆணியைக் கழட்டறான். சாமான் பையைக் கீழ வைங்க. இப்படி உக்காருங்க, இந்தப் பக்கம்தான் காத்து.

எந்த மாடி? ஒன்பதா? அட, நானும் ஒன்பதுக்குத்தான் வந்தேன். அம்புரோஸ் வீட்டுக்கு. மூலை வீடுன்னு சொன்னாங்க. தெரியுமா? பக்கத்து வீடேவா! சரியாப் போச்சு. எப்படி, நல்ல மனுஷரா? ம். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சொல்லிக்கட்டும்.

சொந்தமெல்லாம் இல்லம்மா. கூட்டாளியும் இல்ல. ஒரு காலத்துல ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம், அதை வச்சுக் கூட்டாளின்னு சொன்னா சொல்லிக்கலாம். அவன் மக ஸ்டெல்லா போன் பண்ணுச்சு. "அப்பாவுக்கு ரொம்ப முடியல மாமா. உங்களை ஒரு தடவை பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு"ன்னுச்சு. எதுக்கும்மான்னேன். தெரியலைன்னுச்சு. அதுக்குத் தெரியாது, பாவம் பிள்ளை. எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேக்கத்தான். அந்த நேரத்துல மனுஷனுக்கு உள்ள உறுத்தும்ல? உறுத்தட்டும். நான் மன்னிக்க மாட்டேன்னு சொல்லலை. அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். ஆனா அவன் வாயால கேக்கணும். 'நாடிமுத்து, நான்தான்டா காட்டிக் குடுத்தேன்'னு அவன் சொல்லணும். சொல்லிட்டான்னா மன்னிச்சேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுவேன். காப்பி குடுத்தாலும் தொட மாட்டேன்.

அவன் அப்படி என்ன செஞ்சான்னு கேக்கறீங்க. சொல்றேன். லிஃப்ட் வர்ற வரைக்கும் வேற என்ன வேலை?

நான் பேஸ்ல இருந்தவன்மா. வெள்ளைக்காரனோட கப்பற்படைத் தளம், இந்த வடக்குக் கரையில இருந்துச்சு. நாங்க பேஸ்னுதான் சொல்லுவோம். அதுல வார்ப்புப் பட்டறை. பித்தளையை உருக்கி மண்ணு அச்சுல ஊத்தற வேலை. அம்புரோஸ் கேட்டுல காவல். ஆளுங்க வேலை முடிச்சு வெளிய போகும்போது பையைப் பார்த்து அனுப்பறவன். எனக்கும் அவனுக்கும் குவார்ட்டர்ஸ் எதிரெதிர் வீடு. எங்க வீட்டுல மீன் குழம்பு வச்சா அவன் வீட்டுல சோறு வடிப்பாங்க. அப்படி.

ராபிட்னா என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்? முயலா? பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க. பேஸ்ல அது வேற. பட்டறையில மிச்சம் மீதி விழும் பாருங்க, பித்தளைத் துண்டு, செம்புக் குழாய், தேக்குப் பலகை, அதை எடுத்து வேலை நேரத்துல நம்ம கையால நமக்கு ஒரு சாமான் செஞ்சுக்கிட்டா, அதுக்குப் பேரு ராபிட். தப்பா நினைக்காதீங்க. திருட்டு வேற, ராபிட் வேற. பித்தளைக் கட்டியை அப்படியே தூக்கிட்டுப் போனா திருட்டு. அதையே ஒரு சாம்பல் தட்டா வார்த்துக் கொண்டு போனா ராபிட். எல்லாரும் செஞ்சாங்க. மாலுமியிலேர்ந்து அதிகாரி வரைக்கும். அம்புரோஸ் வீட்டு இடியாப்ப உரல் இருக்கே, அது நான் வார்த்துக் குடுத்தது. வெள்ளைக்கார ராணியோட பித்தளையில அவன் பொண்டாட்டி தினம் இடியாப்பம் புழிஞ்சா.

எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் குடுத்ததே எங்க தொரைதான். பெம்பர்டன் தொரை, பட்டறைக்குப் பெரியவர். என்ன மனுஷன் தெரியுமா! கவுத்துப் போட்ட பெட்டியில நம்ம பக்கத்துலயே உக்காருவார். அவர் சிகரெட்டுல ஒண்ணு எடுத்து நம்ம காதுல சொருகி விடுவார். நாடிமுத்துன்னு வாயில வராது, நாடி, நாடின்னுதான் கூப்பிடுவார். அவர்தான் சொன்னார், இங்கிலாந்துல கப்பற்படைக்காரங்க இருந்த ஒரு தீவுல முயல் மண்டிக் கிடந்துச்சாம். வீட்டுக்குப் போற மாலுமி ஒண்ணைப் பிடிச்சுப் பையில போட்டுக்குவானாம். கேட்டுல இருக்கிறவன் பார்த்துட்டு, "டேய், காது வெளிய தெரியுது, உள்ள மடிச்சுக்கோ"ம்பானாம். அதுலேர்ந்து திருட்டுத்தனமா வெளிய போற எல்லாமே ராபிட். அது நெசமோ பொய்யோ, சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ரெண்டு கையையும் தலைக்கு மேல வச்சுக் காது மாதிரி ஆட்டிக் காட்டுவார். அவ்வளவு பெரிய அதிகாரி!

இதுல ஒரு முறை உண்டு. ராபிட்டோட கேட்டுக்கு வர்றவன் விறுவிறுன்னு போகக்கூடாது. போனா அவன் திருடன். நிக்கணும். நின்னு கேட்டுக்காரன் மூஞ்சியைப் பார்க்கணும். அவன் பையைத் தட்டிப் பார்த்துட்டு "காதை உள்ள மடிச்சுக்கோ"ன்னு சொல்லணும். அதைச் சொன்னாத்தான் நகரணும். அம்புரோஸ் அதை அப்படி ராகம் போட்டுச் சொல்லுவான். "ஏலே நாடி, உன் முயலுக்குக் காது நீளம்லே, மடி மடி"ம்பான். எனக்குப் பின்னால நிக்கிறவனெல்லாம் சிரிப்பான்.

தொரைக்கு நான் வார்த்த ராபிட்டையெல்லாம் அடுக்கினா தேக்கா மார்க்கெட்டுல ஒரு கடை போடலாம். விளக்குத்தண்டு, கதவு தட்டற வளையம், அவங்க ஊர்ல குளிர் காய நெருப்புக் கிளறுவாங்களாமே, அந்தக் கம்பி. அதெல்லாம் அவர் காருல அதிகாரிங்க கேட்டு வழியா போகும். காருல போற முயலுக்குக் காதை எதுக்கு மடிக்கணும், அதுபாட்டுக்கு சீட்டுல சாஞ்சு உக்காந்துல்ல போகும்! ஒவ்வொண்ணுலயும் பேரு வெட்டச் சொல்லுவார். சம்சாரம் பேரு, மக பேரு, நாய் பேரு கூட.

அப்புறம்தான் அந்த வருஷம் வந்துச்சு. வெள்ளைக்காரன் பேஸைக் காலி பண்றான்னு முடிவாயிடுச்சு. பட்டறையெல்லாம் ஒரு கம்பெனிக்குக் கைமாறப் போகுது. பழைய ஆளுங்கள்ல கையில கறை இல்லாதவனைத்தான் கம்பெனி எடுத்துக்கும்னு பேச்சு. வேலை போனா குவார்ட்டர்ஸும் போச்சு. என் பொண்டாட்டி அப்ப வாயும் வயிறுமா இருக்கா. எங்களுக்கெல்லாம் ராத்திரி தூக்கமே கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கணக்கு எடுக்க மேலதிகாரிங்க வந்தாங்க. பித்தளை குறையுது, எடுத்தவனைப் பிடிச்சாகணும்னு ஒரே கூச்சல். பட்டறையில எல்லாரும் வாயை மூடிக்கிட்டு வேலை பார்த்தோம். தொரை முகத்துலயே சிரிப்பு இல்ல. அப்பத்தான் ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "நாடி, கடைசியா ஒண்ணு. ஒரு மணி வேணும், நம்ம கப்பல்ல தொங்குமே, அது மாதிரி"ன்னார். என்ன பேரு வெட்டணும் சார்னேன். "பேரு வேண்டாம். ஊருக்குப் போய் வெட்டிக்கிறேன்"னார். "கார் கேட்டுல இப்ப கெடுபிடி ஜாஸ்தி. நீ உன் கேட்டு வழியா கொண்டாந்து வெள்ளிக்கிழமை சாயந்தரம் வீட்டுல குடுத்துடு. மணின்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே"ன்னார். எத்தனையோ பேரு இருக்க, அந்த நேரத்துல என்னை நம்பிச் சொன்னார் பாருங்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அப்படி ஒரு மணி நான் அதுக்கு முன்னாலயும் வார்த்ததில்ல, பின்னாலயும் வார்த்ததில்ல. விளிம்புல மட்டும் மண்ணு ஒட்டி நகம் பட்ட மாதிரி ஒரு சின்னப் பள்ளம். மத்தபடி கண்ணாடி. தட்டினா சத்தம் அடங்கவே அடங்காது.

அம்புரோஸ்கிட்ட மட்டும், "வெள்ளிக்கிழமை ஒரு ராபிட் இருக்குடா"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். எதிர் வீட்டுக்காரன், உசுருக்கு உசுரானவன்கிட்ட அதைக்கூடச் சொல்லாம எப்படி? "இப்ப வேண்டாம்லே, நேரம் சரியில்ல"ன்னான். பொறாமைன்னு நினைச்சேன்.

வெள்ளிக்கிழமை. சங்கு ஊதியாச்சு. மணியைத் துணியில சுத்தி, மேல சாப்பாட்டுத் தூக்கை வச்சு, பையோட வர்றேன். கேட்டுல அம்புரோஸ் நிக்கிறான். அவன் பக்கத்துல ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட், புதுசு. நான் முறைப்படி நின்னேன். அவன் மூஞ்சியைப் பார்த்தேன். அவன் என் மூஞ்சியையே பார்க்கலைம்மா. "போ, போ, வழியில நிக்காதே, போய்க்கிட்டே இரு"ன்னு ஒரு அதட்டல். நாயை விரட்டற மாதிரி. எனக்கு எப்படி இருக்கும்? காது மடிக்கச் சொல்லலையேன்னு நான் நகரலை. அவன் இன்னொரு தரம், "போடான்னா!"ன்னான். நான் நின்னுக்கிட்டே இருக்கேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நான் என்ன திருடனா, ஓடறதுக்கு?

அதுக்குள்ள சார்ஜெண்ட் திரும்பிட்டான். என்னை விரலைக் காட்டி, "நீதானே? அந்த மணி எங்கே?"ன்னான். அம்புரோஸைப் பார்த்து, "பையைத் திற"ன்னான். திறந்தான்மா. அம்புரோஸ் தன் கையால திறந்தான். நான் வார்த்த உரல்ல இடியாப்பம் தின்ன கை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கீழ வச்சான், துணியைப் பிரிச்சான். மணி லேசா ஆடி ஒரு சத்தம் குடுத்துச்சு.

என்னம்மா? சார்ஜெண்டுக்கு மணின்னு எப்படித் தெரியும்னா? அம்புரோஸ் சொல்லியிருப்பான். வேற யாரு? கேளுங்க, இன்னும் இருக்கு.

காவல் அறையில என்னை உக்கார வச்சிருந்தாங்க. தண்ணி குடுக்கற சாக்குல அம்புரோஸ் உள்ள வந்தான். "யாருக்குடா இது? உனக்கெதுக்கு மணி?"ன்னான். தொரைக்குன்னேன். அவன் முகம் எப்படியோ ஆயிடுச்சு. "விசாரணையில அந்தப் பேரைச் சொல்லு. ராபிட் கீபிட்னு உளறாதே. பேரைச் சொல்லு, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்"னான். எவ்வளவு வஞ்சகம் பாருங்க! என்னை மாட்டி விட்டது பத்தாதுன்னு தொரையையும் மாட்டி விடப் பார்க்கிறான்.

விசாரணை நடந்துச்சு. நீள மேசை. வெள்ளை உடுப்புல நாலு பேரு. இந்தப் பக்கம் தொரை, அந்தப் பக்கம் அம்புரோஸ், நடுவுல நான். அரசாங்கப் பித்தளையைத் திருடினியான்னு கேட்டாங்க. இல்ல சார், இது ராபிட்னேன். தொரை சொல்லிக் குடுத்த சொல்லாச்சே, அது என்னைக் காப்பாத்தும்னு அவ்வளவு நம்பிக்கை. நாலு பேரும் தலையைக் குனிஞ்சு மேசையைப் பார்த்தாங்க. நடுவுல இருந்தவர் தொரை பக்கம் திரும்பி, "அப்படி ஒரு சொல் உங்க பட்டறையில வழக்கத்துல உண்டா?"ன்னார்.

தொரை என்ன சொன்னார் தெரியுமா? "முயலா? அது ஒரு பிராணி. வேற அர்த்தத்துல நான் கேள்விப்பட்டதே இல்லை"ன்னார்.

அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய சபையில, அந்த மாதிரி விளையாட்டுப் பேச்சையெல்லாம் எப்படி ஒத்துக்குவார்? உத்தியோகம்னு ஒண்ணு இருக்குல்ல? அதுக்கு அப்புறம் ஒண்ணு சொன்னார், அதைத்தான் கவனிக்கணும். "இவன் நல்ல வேலைக்காரன். இந்த ஆளுங்களுக்கு இப்படிச் சின்னச் சின்ன ஆசை இருக்கத்தான் செய்யும்"னார். நல்ல வேலைக்காரன்னு நாலு பேரு முன்னால சொன்னார். யார் சொல்லுவா?

அப்பத்தான் அம்புரோஸ் எந்திரிச்சான். யாரும் அவனைக் கேக்கவே இல்ல. "சார், அந்தச் சொல்லை இவனுக்குச் சொல்லிக் குடுத்ததே இந்த ஐயாதான். காது மாதிரி கை வச்சுக் காட்டுவார், பட்டறையே பார்த்திருக்கு. மணியும் அவருக்குத்தான். காருல போனா ராபிட், பையில போனா திருட்டா சார்?"ன்னான். ஒரே சத்தம். நடுவுல இருந்தவர் மேசையைத் தட்டிட்டு என்னைக் கேட்டார், "இவன் சொல்றது உண்மையா?"ன்னு.

நான் தொரையைப் பார்த்தேன். தொரை என்னைப் பார்த்தார். ஒரு பார்வை, லேசா ஒரு தலையாட்டல். 'நான் பார்த்துக்கிறேன் நாடி'ன்னு அர்த்தம். வேற என்ன அர்த்தம் இருக்கும்? "இல்ல சார், அவன் பொய் சொல்றான். மணி எனக்குத்தான், எங்க ஊர்க் கோயிலுக்கு"ன்னேன். அம்புரோஸ் அப்படியே உக்காந்துட்டான். அவன் கண்ணுல தண்ணி. பொய் பிடிபட்டா அழுகை வரத்தானே செய்யும்.

எனக்கு வேலை போச்சு. குவார்ட்டர்ஸ் போச்சு. கம்பெனி எடுத்துக்கலை, எடுக்குமா? மார்க்கெட்டுல மூட்டை தூக்கினேன். மூத்தவன் ஒரு கோழிக்கடைக்குப் பின்னால இருந்த அறையில பொறந்தான். எல்லாம் அம்புரோஸால. அவனையும் ஆண்டவன் சும்மா விடலைம்மா. அதிகாரி மேல அபாண்டம் சொன்னான்னு காவல் வேலையிலேர்ந்து தூக்கிட்டாங்க. அவனையும் கம்பெனி எடுத்துக்கலை. குப்பை லாரி ஓட்டினான்னு கேள்வி. எனக்குச் செஞ்சதுக்குக் கூலி கிடைச்சுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். மார்க்கெட் பக்கம் ரெண்டு மூணு தரம் என்னைத் தேடி வந்தான். நான் காறித் துப்பிட்டு உள்ள போயிட்டேன்.

தொரையா? தொரை மறக்கலையே! ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னால எனக்கு ஆள் அனுப்பினார். பெட்டி கட்ட ஆள் வேணும்னு. வேலையை விட்டுத் தூக்கினவன்னு பார்க்கலை, என்னைத்தான் கூப்பிட்டார். நாள் பூரா பெட்டி அடிச்சேன். ஒரு பெட்டியில பழைய பேப்பர்ல சுத்தி ஒண்ணு கனமா இருந்துச்சு. பேப்பர் ஒரு ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. தொட்டதும் தெரிஞ்சு போச்சு. விளிம்புல அந்தப் பள்ளம். என் மணி! கேட்டுல பிடிச்சு வச்சாங்களே, அதே மணி. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. என் ஞாபகமா இருக்கட்டும்னு எப்படியோ கேட்டு வாங்கியிருக்கார் மனுஷன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "நல்ல வேலை, நாடி"ன்னு தோளைத் தட்டிட்டு வேற பக்கம் போயிட்டார். நானே ஆணி அடிச்சு, நானே தூக்கி லாரியில வச்சேன்.

என்ன கேக்கறீங்க? அது அவர்கிட்ட எப்படி வந்துச்சுன்னு அவரைக் கேட்டேனான்னா?

நீங்களும் என் பொண்டாட்டி மாதிரியே கேக்கறீங்களே. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சந்தோஷமாச் சொன்னேன். அவ குழந்தையை மடியில போட்டுக்கிட்டு என்னையே பார்த்தா. "அது அவர்கிட்ட எப்படிங்க வந்துச்சு?"ன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ரொம்ப நாள் அவகூடப் பேசலை. நன்றி கெட்டவளேன்னு திட்டக்கூடச் செஞ்சேன். அவ மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல. ஆனா எனக்குத் தெரியாம, கிறிஸ்மஸுக்கு அம்புரோஸ் வீட்டுக்கு முறுக்கு சுட்டு அனுப்புவாளாம், அவ கண்ணை மூடின பிறகு மகன் சொன்னான். வருஷா வருஷமாம். இந்த அடுக்குமாடி புளோக் விலாசம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாது.

கேட்டு வாங்கினார்னுதான் வச்சுக்கிட்டேன். பிடிபட்ட சாமானை யார் கேட்டாலும் குடுப்பாங்களான்னா... அவர் பெரிய அதிகாரி. இருங்க. இருங்கம்மா. நீங்க முன்னால கேட்டீங்கல்ல, சார்ஜெண்டுக்கு மணின்னு எப்படித் தெரியும்னு. அம்புரோஸ்கிட்ட நான் என்ன சொன்னேன்? வெள்ளிக்கிழமை ஒரு ராபிட் இருக்குன்னேன். மணின்னு சொல்லலை. காவல் அறையிலகூட அவன் யாருக்குடா இதுன்னுதானே கேட்டான். பட்டறையில அச்சு வச்சதுகூட நான் ஒருத்தனாத்தான் வச்சேன். மணின்னு தெரிஞ்சது எனக்கும்...

இல்ல. சொல்லாதீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். தெரியாத ஆளுகிட்ட வாயைத் திறந்தது என் தப்பு.

போ போன்னு விரட்டினானே. அந்த அதட்டலைத்தான்மா ஐம்பது வருஷமா என்னால மறக்க முடியல. நிக்காதேன்னான். ரெண்டு தரம் சொன்னான்.

சத்தம் கேக்குதா? லிஃப்ட்தான். ஓடுது பாருங்க, விளக்கு எரியுது. உங்க பையைக் குடுங்க, ஒண்ணை நான் தூக்கறேன். இல்ல, தூக்குவேன், மூட்டை தூக்கின கைதான். நீங்க ஏறுங்க. நானா? நான் அடுத்ததுல வர்றேனே. இல்ல, வேண்டாம், கதவைப் பிடிங்க, அடுத்ததுன்னு விட்டா நான் பஸ்ஸுக்குப் போயிடுவேன்.

ஒரு உபகாரம் பண்ணுங்கம்மா. மேல போனதும் நீங்க முதல்ல அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்க. நாடிமுத்து வந்திருக்கான்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா மன்னிக்க வந்திருக்கான்னு சொல்லிடாதீங்க. சும்மா பார்க்க வந்திருக்கான், உள்ள வரலாமான்னு கேக்கறான்னு மட்டும் சொல்லுங்க.